எகிப்துக்குப் போன இரவும் நத்தார்தான்

நடுவர் அவர்களே, எதிரணிச் சகோதர சகோதரிகளே, கொட்டாஞ்சேனையில் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் என் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'நத்தார் (கிறிஸ்துமஸ்) காலத்தில் நாம் அதிகம் தியானிக்க வேண்டியது பெத்லகேம் தொழுவத்தையா, எகிப்துப் பயணத்தையா?' இதுதான் இன்றைய தலைப்பு. ஏரோது மன்னனின் வாளுக்குத் தப்பக் குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு யோசேப்பும் மரியாளும் இரவோடிரவாக ஓடிய அந்த எகிப்துப் பயணத்தையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி தொழுவத்தில் இயேசு பிறந்ததைச் சொல்லும் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை அழகாக எடுத்து வைத்தார். எல்லா மக்களுக்கும் பெரும் மகிழ்ச்சி என்று வானதூதர் சொல்லிவிட்ட பிறகு அழுகைக்கு நத்தாரில் என்ன இடம், அதற்குத் தவக்காலம் இருக்கிறதே என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் திருவழிபாட்டு நாட்காட்டியைப் பாருங்கள். 25ஆம் திகதி பிறப்புவிழா. 26ஆம் திகதி கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் விழா. 28ஆம் திகதி ஏரோதால் கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளின் விழா. பிறப்புவிழாவைத் தொடர்ந்து கொண்டாடும் எட்டு நாள், அதாவது எண்கிழமை, முடியும் முன்பே இரண்டு கொலைகளை நினைக்கச் சொல்கிறது திருச்சபை. மகிழ்ச்சியையும் கண்ணீரையும் ஒரே வாரத்தில் வைத்தவர்கள் நாங்கள் அல்ல.

நம் பாலன் குடிலில் ஞானிகளை மத்தேயுவிடமிருந்து எடுத்து வைக்கிறோம். சரி. அவர்கள் வேறு வழியாகத் திரும்பிப் போனார்கள் என்பது மத்தேயு 2:12. அடுத்த வசனத்திலேயே யோசேப்பின் கனவில் தூதர் வருகிறார்: எழுந்திரும், குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குத் தப்பி ஓடும், நான் சொல்லும்வரை அங்கேயே இரும். நாம் பன்னிரண்டாம் வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிட்டுக் கேக் வெட்டப் போகிறோம்.

'நான் சொல்லும்வரை.' எத்தனை மாதம், எத்தனை வருடம்? சொல்லவில்லை. இடம்பெயர்ந்த எவருக்கும் இந்த நாள் குறிக்காத காத்திருப்பு தெரியும். யோசேப்பு அன்றிரவே வெளிக்கிடுகிறார். நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசிய ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. எழுந்தார், கூட்டிக்கொண்டார், போனார், அவ்வளவுதான். விடியும்வரை பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 1983 ஆடிக் கலவரத்தின்போது இந்த நகரத்தில் வாழ்ந்த தமிழர்களிடம் கேளுங்கள். அன்று கொழும்பிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியவர்களுக்கு மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

போன இடத்தையும் பாருங்கள். மோசே பிறந்த காலத்தில் எபிரேய ஆண் குழந்தைகளை நைல் நதியில் எறியச் சொன்ன நாடு எகிப்து. அந்த நாடுதான் இப்போது ஆண்டவருக்கு அடைக்கலம் கொடுக்கிறது. சொந்த ஊரில்தான் வாள் உருவப்பட்டிருக்கிறது. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் இஸ்ரயேலரின் மூதாய் ராகேல். குழந்தைகள் கொல்லப்பட்டதைச் சொன்னதும் மத்தேயு இறைவாக்கினர் எரேமியாவின் 31:15ஐ எடுக்கிறார். ராமா என்ற ஊரிலே ஒரு குரல் கேட்கிறது. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள். ஆறுதல் பெற மறுக்கிறாள். ஏன் ராமா? எரேமியா 40ஆம் அதிகாரம் சொல்கிறது: பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களைச் சங்கிலியால் கட்டிக் கொண்டுவந்த இடம் அது. ஏன் ராகேல்? தொடக்கநூல் 35இன்படி, பயணத்தின் நடுவே பிள்ளையைப் பெற்று உயிர்விட்டவள் அவள். பெத்லகேமுக்குப் போகும் வழியிலேயே புதைக்கப்பட்டவள்.

அவள் ஆறுதல் பெற மறுக்கிறாள் என்பதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் அமர்ந்த தாய்மாரும் இதைத்தானே செய்தார்கள்? பிள்ளை எங்கே என்பதற்குப் பதில் வரும்வரை ஆறுதல் வேண்டாம் என்றார்கள். வேதம் ராகேலைக் கண்டிக்கவில்லை. எரேமியாவின் அடுத்த வசனங்களில் கடவுள் அவளுக்கு வாக்குக் கொடுக்கிறார்: உன் பிள்ளைகள் தங்கள் எல்லைக்குத் திரும்பி வருவார்கள். ஆனால் மத்தேயு அந்த வாக்கை எடுத்து எழுதாமல் அழுகையோடு நிறுத்துகிறார். அந்தத் துயரத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அது என்று நான் நம்புகிறேன்.

அப்படியானால் மகிழ்ச்சி பொய்யா? இல்லவே இல்லை. தூதர் சொன்ன மகிழ்ச்சியை நானும் விசுவசிக்கிறேன். ஆனால் அது யாருக்கு எட்ட வேண்டும்? 2004 நத்தாருக்கு மறுநாள் காலை கடல் வந்தது. இந்தத் தீவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2019 உயிர்ப்பு ஞாயிறன்று, இங்கிருந்து நடக்கும் தூரத்தில், கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. அந்த வீடுகளுக்கு டிசம்பர் எப்படி வரும்? தொழுவத்தை மட்டும் காட்டினால், இது எங்களுக்கான விழா இல்லை என்று அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எகிப்துப் பாதையையும் வாசித்தால், எங்களோடு ஓடிய கடவுள் இவர் என்று உள்ளே வருவார்கள்.

லூக்காகூட எங்கள் பக்கம்தான். எருசலேம் ஆலயத்தில் சிமியோன் என்பவர் குழந்தையைக் கையில் ஏந்தியபடியே, உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று மரியாளிடம் சொல்கிறார். அந்தத் தாய் காணிக்கை கொடுத்தது ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாத ஏழைகள் கொடுக்கும் சோடிப் பறவை.

கடைசியாக ஒன்று. ஏரோது செத்த பிறகும் அவர்களால் பெத்லகேமுக்குத் திரும்ப முடியவில்லை. யூதேயாவில் அவன் மகன் அர்க்கெலாவு ஆண்டதால் யோசேப்பு அங்கே போக அஞ்சினார். கலிலேயாவில் நாசரேத்தில் குடியேறினார். பிறந்த ஊருக்குப் போக முடியாமல் வேறோர் ஊரில் பிள்ளை வளர்த்த குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன, நடுவர் அவர்களே. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவர்களை நினைத்து, எகிப்துப் பயணமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.