சொந்த நிலத்தில் ஒரு கரை

வணக்கம் நேயர்களே.

புரட்டாசியில் மக்காச்சோளம் ஊன்றி, ஐப்பசி மழையில் பயிர் ஆளுயரம் நிமிர்ந்து, கார்த்திகையில் கதிர் நூல் விடும் நேரத்தில் பதினைந்து நாள் மழை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை விளாத்திகுளம், கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கதிர் இருக்கும், மணி இருக்காது. அந்தச் சமயத்தில் ஒரே ஒரு தண்ணீர் பாய்ச்ச முடிந்தால் வெள்ளாமை வீடு வந்து சேரும். அந்த ஒரு தண்ணீருக்காக, அவரவர் பட்டா நிலத்திலேயே மண்ணால் கரை போட்டு மழைநீரைத் தேக்கி வைப்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. அவை ஊருக்குப் பொது. தனி ஆள் தன் செலவில் நீர் தேக்குவதும் பழைய வழக்கம்தான். விஜயநகர அரசர்கள் காலத்தில் ராயலசீமைப் பக்கம் சொந்தச் செலவில் ஏரி வெட்டியவருக்கும் அதைப் பழுது பார்த்தவருக்கும் நிலத்தை மானியமாக விட்டார்கள். தசபந்த மானியம் என்று பெயர். இன்று பண்ணைக்குட்டைக்கு அரசு மானியம் தருவதைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைவு வரும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். மேலே 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர், பக்கங்கள் சரிவு என்று ஒரு குட்டை வெட்டினால் சுமார் 14½ லட்சம் லிட்டர் நிற்கும். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஆவியாவதும் மண்ணில் இறங்குவதும் போக, நாலைந்து ஏக்கருக்கு ஒரு தண்ணீர் தேறும். இரண்டு ஏக்கர் என்றால் இரண்டு தண்ணீர். இதை நம்பி வாழையோ கரும்போ வைக்க முடியாது. காயும் பயிரைக் கைதூக்கிவிடுவதுதான் இதன் வேலை, அதை இது நன்றாகவே செய்யும்.

நிரம்புவதற்கும் கணக்கு உண்டு. ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது சுமார் 2 லட்சம் லிட்டர். அதில் கால்வாசி ஓடி வந்தாலே அதிகம். அப்படியானால் ஐந்து ஏக்கர் மேட்டுநிலத்துத் தண்ணீர் வந்து சேரும் குட்டைகூட நிரம்புவதற்கு ஆறு பெருமழை வேண்டும். அதனால் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் ஜேசிபியை வரச் சொல்லாதீர்கள். மழை பெய்யும்போதே குடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போங்கள். எங்கே ஓட்டம் கூடுகிறது, எங்கே வரப்பை அரிக்கிறது, எங்கே உங்கள் நிலத்தை விட்டு வெளியேறுகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். எந்தச் சர்வே கருவியும் அதற்கு ஈடாகாது.

சமதளத்தில் ஒரு பாரம் மண்ணைத் தோண்டினால் ஒரு பாரத் தண்ணீர்தான் நிற்கும். நிலம் லேசாகச் சரிந்து, இரண்டு பக்கமும் மேடு இருந்து நடுவில் தாழ்ந்திருந்தால், குறுக்கே ஒரு கரை போட்டாலே போட்ட மண்ணைப்போலப் பல மடங்கு தண்ணீர் தேங்கும். செலவு குறையும், ஆபத்து கூடும். தோண்டிய குட்டை உடையாது, கரை உடையும்.

கரை என்பது குவித்த மண் அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. மேல்மண்ணை, புல் பூண்டு வேரோடு வழித்தெடுத்துவிட்டு, கரை உட்காரும் இடத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் பறித்து, அதில் நல்ல களிமண்ணை நிரப்பி இறுக்க வேண்டும். பழைய தரைக்கும் புது மண்ணுக்கும் நடுவே தண்ணீர் ஊர்ந்து போகாமல் தடுப்பது அந்தப் பூட்டுதான். அப்புறம் அரையடி கனத்துக்கு மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலரோ பாரம் ஏற்றிய டிராக்டரோ ஓட்டி இறுக்கி, அதன் மேல் அடுத்த அரையடி. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கை மண்ணை அள்ளி அழுத்துங்கள். கொழுக்கட்டை பிடித்தாற்போல நிற்க வேண்டும். உதிர்ந்தால் ஈரம் போதாது, உள்ளங்கையில் சேறு ஒட்டினால் அதிகம். ஓரடி உயரத்துக்குத் தண்ணீர்ப் பக்கம் மூன்றடி, வெளிப்பக்கம் இரண்டடி என்று சரிவு விடுங்கள். எப்படி இறுக்கினாலும் புதுக் கரை அமுங்கும், ஆகவே பத்தில் ஒரு பங்கு உயரம் கூட்டிப் போடுங்கள்.

கரிசலில் ஒரு தொல்லை. தண்ணீரை நன்றாகப் பிடிக்கும் அதே மண் சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிப்போடு கிடக்கும் கரையில் முதல் மழைத் தண்ணீர் ஏறினால் வெடிப்பு வழியே போய்விடும். கரையின் மேல் ஒரு அடி செம்மண்ணோ சரளையோ போர்த்தி அருகம்புல் பதித்தால் வெடிப்பு வெகுவாகக் குறையும். சிறு கரையில் மரம் வைக்காதீர்கள். மரம் பட்டுப்போனால் அழுகிய வேர் இருந்த இடம் குழாயாகிவிடும். நண்டு வளையையும் எலிப் பொந்தையும் ஆண்டுதோறும் ஆடிக்கு முன்பே தோண்டிப் பார்த்துக் களிமண் திணித்து அடைக்க வேண்டும்.

இப்போது கலுங்குக்கு வருகிறேன். மறுகால், அதாவது நிறைந்து மிஞ்சும் தண்ணீர், வெளியே போகும் வழி. சிறு மண்கரைகள் உடைவதற்கு முக்கியக் காரணம் தண்ணீர் கரையைத் தாண்டி வழிவதுதான். கரையின் தலையில் ஒரு சாண் அகலத்துக்கு வழிந்தால் போதும், வெளிப்பக்கத்தை அரித்து ஒரே ராத்திரியில் வாய் பிளந்துவிடும். ஆனாலும் செலவு மிச்சம் என்று பலர் முதலில் கைவிடுவது இதைத்தான். ஒரு சிமெண்டுக் குழாயைப் பதித்துவிட்டு “இது போதும் சார்” என்பார்கள். அந்தக் குழாயை ஒரு முள்செத்தை அடைத்துக்கொண்டால் அவ்வளவுதான். கலுங்கைக் கரையின் மேல் வைக்காமல், கரை முடியும் ஓரத்தில் கை படாத கட்டாந்தரையில், அகலமாக, ஆழமில்லாமல் வெட்டுங்கள். கரையின் தலை கலுங்கு மட்டத்துக்கு மேல் மூன்றடியாவது நிற்கட்டும். புல் முளைத்த அகலமான வழியில் தண்ணீர் மெதுவாக இறங்கும்.

இறங்கும் தண்ணீர் எங்கே போகிறது? நான் இந்த மைக் முன்னால் உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். உங்கள் காட்டில் ஓடும் நீர் கீழே யாரோ ஒருவருடைய கண்மாய்க்கு வரத்து. பட்டா உங்கள் பெயரில் இருக்கலாம், மழை அப்படி இல்லை. ஒருவர் குட்டை வெட்டினால் கண்மாய்க்குத் தெரியாது. நாற்பது பேர் வெட்டி, நாற்பதும் வழியாமல் பிடித்துக்கொண்டால், மழை குறைந்த ஆண்டில் கண்மாய் நிறையாது. கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருப்பவர் பெரும்பாலும் குட்டை வெட்ட இடமில்லாத குறுவிவசாயி. அதனால் என் அழுத்தமான கருத்து இது: ஓடையையும் வரத்துக்காலையும் மறிக்கவே கூடாது, நம் நிலத்தில் விழுந்ததைத் தேவைக்கு மட்டும் தேக்கிவிட்டு, மறுகாலைப் பழைய தடத்திலேயே இறக்கிவிட வேண்டும். ஊர்க்கூட்டத்தில் யார் எங்கே வெட்டுகிறார்கள் என்று ஒரு வரைபடத்தில் குறித்தாலே பாதிச் சண்டை தீரும்.

வெளியூர் அனுபவம் இரண்டைச் சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ் மாவட்டம். தொண்ணூறுகளில் தேவாஸ் நகருக்கு ரயிலில் குடிநீர் வந்த காலம் உண்டு. ஆழ்துளைக் கிணறு மேல் கிணறாகப் போட்டு நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போயிருந்தது. 2006-ல் அங்கே ஆட்சியராக இருந்த உமாகாந்த் உம்ராவ், முதலில் பெரிய விவசாயிகளிடம் போய், நிலத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிக் குளம் வெட்டச் சொன்னார். நம் கரிசல் போன்ற மண்தான் அது, நீர் நன்றாகவே நிற்கும். பலர் சொந்தப் பணத்திலேயே வெட்டினார்கள். மழைநீரை வைத்துக் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைந்தன.

மகாராஷ்டிரத்தில் 2016-ல் கேட்பவருக்கெல்லாம் பண்ணைக்குட்டை என்று திட்டம் வந்தது. நல்ல நோக்கம். ஆனால் திராட்சை, மாதுளை போடும் பகுதிகளில் பலர் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, கிணற்றிலிருந்தும் ஆழ்துளையிலிருந்தும் மோட்டார் வைத்து இறைத்துக் குட்டையை நிரப்பினார்கள். பூமிக்கடியில் எல்லோருக்குமாக இருந்த தண்ணீர் ஒருவருடைய விரிப்புக்குள் வந்து வெயிலில் காய்ந்தது. 900 சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 4,500 லிட்டர் போகிறது. இதற்குப் பெயர் நீர் சேமிப்பு அல்ல. நம் பக்கத்திலும் இது தலைகாட்டுகிறது, எனக்கு அதில் மிகுந்த வருத்தம்.

விரிப்பு போட்ட குட்டையில் இன்னொரு ஆபத்து. பாசி படிந்த விரிப்பில் கால் வழுக்கும், நீச்சல் தெரிந்தவர்கூட ஏறி வர முடியாது. பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். நாலு பக்கமும் வேலி, நாலு மூலையிலும் முடிச்சுப் போட்ட கயிறு, ஒரு பழைய டயர் டியூப். இவை இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீரும் நிரப்பக் கூடாது. மீன்குஞ்சு விடுவது பற்றி நேரம் இருந்தால் இன்னொரு நாள் பேசலாம்.

தை அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வேலையைத் தொடங்கினால் ஆவணிக்குள் கரை அமுங்கிப் புல் பிடித்துவிடும். முதல் முறை தண்ணீர் ஏறும்போது தினமும் கரையின் வெளிப்பக்க அடியை நடந்து பாருங்கள். ஈரம் கசிந்தால், கசிவதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்தால் பயமில்லை, அளவு கூடுகிறதா என்று கவனித்தால் போதும். கலங்கலாக இருந்தால் கரைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மோட்டார் வைத்து நீர்மட்டத்தை இறக்குங்கள், கீழே குடியிருப்பவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வணக்கம்.