"பார்க்கிறவங்க லேடியா, ஜென்ட்ஸா?"

வணக்கம். மனநல ஆலோசனைக்கு நேரம் கேட்டுப் போன் பண்ணுகிறவர்களில் பலர், கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுவார்கள். வரவேற்பில் இருப்பவர் "யாரா இருந்தா என்னங்க?" என்று சொன்னால், பாதிப் பேர் அதோடு வரமாட்டார்கள்.

பாலியல் கொடுமை, தாம்பத்தியச் சிக்கல் என்றால் பெண்கள் பெரும்பாலும் பெண்ணிடம்தான் பேச விரும்புவார்கள். ஆண்கள் கணக்கு வேறு. ஆண்மைக் குறைவைப் பற்றிப் பேச ஆணைத் தேடும் அதே மனிதர், அழுகை வந்தால் பெண்ணிடம் போகப் பார்ப்பார். இன்னொரு ஆண் முன்னால் கண் கலங்குவது அவருக்கு மானப் பிரச்சினை.

ஆலோசகரின் சாதி, ஊர்ப் பின்னணி இன்னும் சிக்கலானது. "நம்ம ஆளா இருந்தா சொல்லாமலே புரியும்" என்பவர்களும் உண்டு. சின்ன ஊரில் சொந்தச் சாதிக்காரர் என்றாலே ஒதுங்குகிறவர்களும் உண்டு. நாளைக்கு ஒரு கல்யாணப் பந்தியில் எதிரெதிரே உட்கார வேண்டியிருக்குமே! ஆலோசகர் இயல்பாகக் கேட்கும் "சொந்த ஊர் எது, எந்தத் தெரு?" என்பதுகூடச் சாதி விசாரிப்பாகக் காதில் விழும். முதல் நாளே அதைக் கேட்காமல் இருப்பது நல்லது.

2011இல் கேப்ரல், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள், ஆலோசகரும் வருகிறவரும் ஒரே இனத்தவராக (கறுப்பர், வெள்ளையர் என்பது போல) இருப்பதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தன் இனத்தவரே வேண்டும் என்ற விருப்பத்தின் அளவு 0.63, அப்படிப் பொருந்தியதால் சிகிச்சைப் பலனில் வந்த வித்தியாசமோ வெறும் 0.09 (இந்த அளவுகோலில் 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது). அதற்காக விருப்பத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. 2018இல் ஸ்விஃப்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர், சிகிச்சையில் வருகிறவர்களின் விருப்பங்களைப் பற்றிய 53 ஆய்வுகளைத் தொகுத்தபோது, விருப்பம் நிறைவேறாதவர்கள் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடும் வாய்ப்பு விகிதம் (odds), நிறைவேறியவர்களைப் போல 1.79 மடங்கு இருந்தது.

ஒரே பின்னணி ஆலோசகரையும் ஏமாற்றும். "மாமியார் வீடுன்னா எப்படின்னு உங்களுக்குத் தெரியாததா?" என்று வந்தவர் சொல்ல, இவரும் தலையாட்டுவார். மாமியார் என்ன சொன்னார், எப்போது, அதற்கு வந்தவர் என்ன செய்தார் என்ற மூன்று கேள்வியும் அங்கேயே போய்விடும்.

போன் பண்ணும்போது "லேடி வேணும்" என்பதோடு, எதைப் பற்றிப் பேச வருகிறீர்கள் என்றும் ஒரு வரி சொல்லுங்கள். ஆலோசகர்கள் முதல் பத்து நிமிடத்துக்குள், "ஒரு ஆண்கிட்ட இதைப் பேசறதுல தயக்கம் இருக்கா?" என்று கேட்டுவிடலாம். மூன்றாவது சந்திப்பில் மறுபடியும் கேளுங்கள். முதல் நாள் பெரும்பாலானவர்கள் மரியாதைக்கு "இல்லைங்க" என்றுதான் சொல்வார்கள். பெண் ஆலோசகர் இல்லையென்று, கூட வந்த அம்மாவை அறையில் உட்கார வைத்துச் சமாளிக்காதீர்கள். அப்புறம் அந்தப் பெண் அம்மா காதுக்கு ஏற்றதை மட்டும்தான் பேசுவாள்.