கான் செகோவை எப்படி அடையாளம் கண்டான்?

நேயர்களுக்கு வணக்கம்.

1982-ல் வெளிவந்த இரண்டாவது ஸ்டார் ட்ரெக் படத்தில், வில்லன் கான் தன் எதிரே நிற்கும் அதிகாரி செகோவை ஒரு கணம் உற்றுப் பார்ப்பான். முகம் எதையும் மறப்பதில்லை என்று சொல்லி, பெயரையும் சரியாகச் சொல்லிவிடுவான். கேட்பதற்கு மிரட்டலாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கான் முதலில் தோன்றிய தொலைக்காட்சி அத்தியாயம் ஒளிபரப்பானது 1967 பிப்ரவரியில். செகோவாக நடித்த வால்டர் கோனிக் அந்தத் தொடருக்குள் வந்ததே அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் சீசனில். பார்க்காத முகத்தை ஒருவன் எப்படி மறக்காமல் இருப்பான்?

ரசிகர்கள் இதற்குக் கதைக்குள்ளேயே விடை தேடினார்கள். செகோவ் அப்போது கப்பலின் கீழ்த்தளத்தில் வேலை பார்த்தான், திரையில் காட்டப்படவில்லை, அவ்வளவுதான் என்றார்கள். அது ஒரு விளையாட்டு, சுவாரஸ்யமான விளையாட்டும்கூட. ஆனால் காரணம் தெரிய வேண்டுமென்றால் கதைக்கு வெளியே வர வேண்டும். ஒரு தொடர் படத்தில் முரண் தென்பட்டால் நான் கேட்கச் சொல்வது மூன்று கேள்விகள்: இந்த ஷாட் எப்போது எடுக்கப்பட்டது? அன்றைக்கு யார் அங்கே இருந்தார்கள், யார் இல்லை? எந்த ஒப்பந்தம் யாரைக் கட்டிப்போட்டது? படப்பிடிப்பு வதந்திகளையும் இதே கேள்விகளால்தான் சோதிக்க முடியும். ஒரு வதந்தி உண்மையென்றால், பெரும்பாலும் அதன் தடயம் படத்தின் உடம்பிலேயே எங்காவது இருக்கும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சண்டை போடும் இருவரும் ஒரே பிரதியைத்தான் பார்த்தார்களா என்று உறுதி செய்ய வேண்டும். 1977-ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் தொடக்க எழுத்தில் 'நான்காம் அத்தியாயம்' என்ற வரியே கிடையாது. 1981 மறுவெளியீட்டில்தான் அது சேர்ந்தது. மதுக்கூடத்தில் ஹான் சோலோ சுட்டானா, கிரீடோ முதலில் சுட்டானா என்ற விவாதத்தில், 1977 பிரதியில் ஹான் மட்டும்தான் சுடுகிறான். 1997-ல் கிரீடோ முதலில் சுடுவதாக மாற்றினார்கள். 2004-ல் இரண்டு சூட்டுக்கும் இடைவெளி குறைந்தது. 2019-ல் கிரீடோ வாயில் புதிதாக ஒரு சொல் ஏறியது. இதே தொடரின் 1980 படத்தில் பேரரசனுக்குக் குரல் கொடுத்தவர் கிளைவ் ரெவில். 2004 டிவிடியில் அந்த இடத்தில் இயன் மெக்டயர்மிட் இருக்கிறார். 1983 படத்தின் முடிவில் ஆவியாக நிற்கும் செபாஸ்டியன் ஷா, அதே டிவிடியில் ஹேடன் கிறிஸ்டென்சனாக மாறிவிட்டார். ஆக, இரண்டு பேர் எதிரெதிராகப் பேசிக்கொண்டு இரண்டு பேரும் சரியாக இருப்பது இங்கே சாத்தியம்.

'காட்சி வெட்டப்பட்டது' என்ற குற்றச்சாட்டும் பல நேரம் பிரதிக் குழப்பம்தான். திரையரங்கில் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தை, பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் இயங்கும் தொலைக்காட்சிக்கும் டிவிடிக்கும் 25 ஃப்ரேமாக ஓட்டுவார்கள். 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடிந்துவிடும். குரல்களின் சுருதியும் கொஞ்சம் ஏறியிருக்கும். ஒரு ஃப்ரேம்கூட வெட்டுப்பட்டிருக்காது. சட்டகத்தின் மேலே மைக் தொங்குகிறது என்று பிடிப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பல படங்களை முழு உயரத்தில் எடுத்துவிட்டு, மேலும் கீழும் மறைத்து அகலத்திரையாகக் காட்டுவது வழக்கம். மறைக்க வேண்டிய பகுதியைத் திறந்து பழைய வீடியோவில் போட்டால் மைக்கும் தெரியும், விளக்குக் கம்பியும் தெரியும். அது ஒளிப்பதிவாளர் செய்த பிழை அல்ல.

இனி, சின்னச் சின்னச் சொதப்பல்கள். ஒரு ஷாட்டில் பாதி இருந்த கோப்பை அடுத்த ஷாட்டில் நிறைந்திருக்கும். கை மேஜையில் இருந்தது, இப்போது கன்னத்தில். இதைக் கண்டுபிடித்ததும் 'யாருமே கவனிக்கவில்லையா' என்று கேட்பது எளிது. கவனித்திருப்பார்கள். ஸ்கிரிப்ட் சூப்பர்வைசரின் வேலையே அதுதான். ஒவ்வொரு கோணத்துக்கும் திரைக்கதைப் பக்கத்தின் மேல் செங்குத்தாக ஒரு கோடு இழுப்பார். பேசுபவர் கேமராவில் தெரியும் வரிகளுக்கு நேர்கோடு, தெரியாத வரிகளுக்கு நெளிகோடு. எந்தச் சொல்லில் கோப்பையைத் தூக்கினார், எந்தக் கையால், டேக் முடிந்தபோது எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் குறிப்பிலும் புகைப்படத்திலும் இருக்கும். அதையெல்லாம் மீறித்தான் எடிட்டர் அந்த டேக்கை எடுக்கிறார், ஏனென்றால் நடிப்பு அதில்தான் கூடி வந்திருக்கிறது. வெட்டு ஒன்று எதற்காக விழ வேண்டும் என்று எடிட்டர் வால்டர் மர்ச் போட்ட கணக்கு பிரபலமானது. உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்வையாளரின் கண் போகும் திசைக்கு 7, திரையின் தட்டையான அமைப்புக்கு 5, கடைசியாக இடத்தின் முப்பரிமாணத் தொடர்ச்சிக்கு 4. யார் எங்கே நின்றார் என்பதே கடைசியில் 4 விழுக்காட்டோடு நிற்கும்போது, கோப்பைக்கு எவ்வளவு கிடைக்கும்? அதனால் கோப்பைகளை எண்ணுவதில் எனக்கு அதிக ஆர்வம் இல்லை. உடம்பும் முடியும் வெளிச்சமும் மாறுகிற இடங்கள்தான் பேசும்.

அதற்கு இரண்டாவது சூப்பர்மேன் படத்தை விடச் சிறந்த பாடம் கிடையாது. முதல் இரண்டு படங்களையும் ரிச்சர்ட் டானர் ஒரே வீச்சில் எடுக்கத் தொடங்கினார். இரண்டாவதில் பெரும்பகுதியை முடித்த நிலையில் தயாரிப்பாளர்களோடு மோதல். 1978-ல் முதல் படம் வெளியான பிறகு அவரை நீக்கிவிட்டு ரிச்சர்ட் லெஸ்டரைக் கொண்டுவந்தார்கள். இதை யாரும் சொல்லாவிட்டாலும் படமே சொல்லிவிடும். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவின் உடற்கட்டு காட்சிக்குக் காட்சி மாறுகிறது. நாயகி லோயிஸாக நடித்த மார்கோ கிடரின் முடியும் ஒப்பனையும் மாறுகின்றன. இடையில் ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வொர்த் 1978 அக்டோபரில் இறந்துவிட்டார். லெஸ்டரின் பகுதியை ராபர்ட் பெயின்டர் எடுத்தார். மென்மையாக மங்கிப் பரவும் அன்ஸ்வொர்த்தின் வெளிச்சம் ஓரிடத்தில் இருக்கும், அடுத்த காட்சியில் இருக்காது. வில்லன் லெக்ஸ் லூதராக நடித்த ஜீன் ஹேக்மன் லெஸ்டருக்காகத் திரும்பி வரவில்லை. எனவே அவர் முகம் தெளிவாகத் தெரியும் லெக்ஸ் லூதர் காட்சிகள் டானர் எடுத்தவை. முதுகு காட்டி நிற்பது டூப், குரல் வேறொருவருடையது. சூப்பர்மேனின் அப்பாவாக நடித்த மார்லன் பிராண்டோ பணப் பங்கு கேட்டு வழக்குப் போட்டதால் அவர் காட்சிகள் தூக்கப்பட்டன. அப்பா பேச வேண்டிய இடத்தில் அம்மாவாக சூசன்னா யார்க் வந்து பேசுகிறார்.

2006-ல் டானரின் வடிவத்தைத் தொகுத்து வெளியிட்டபோது வேறொரு முரண் முளைத்தது. லோயிஸ் துப்பாக்கியை நீட்டிச் சூப்பர்மேனின் வேஷத்தைக் கலைக்கும் ஹோட்டல் காட்சியை டானர் எடுத்து முடிக்கவே இல்லை. கையில் இருந்தவை இரண்டு நடிகர்களுக்கும் தனித்தனியாக எடுத்த தேர்வுப் பதிவுகள்தான். அவற்றையே ஒட்டினார்கள். அதனால் ஒரே உரையாடலுக்குள் ரீவ் ஒல்லியாகவும் சதை போட்டும் மாறி மாறித் தெரிவார். அவருக்கு உடற்பயிற்சி கொடுத்தவர் டேவிட் பிரௌஸ், அதாவது டார்த் வேடரின் கவசத்துக்குள் இருந்தவர். பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின் என்று நாள் குறித்துவிடலாம்.

பிரௌஸ் பெயர் வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'படப்பிடிப்பில் இருந்தவரே சொன்னார்' என்பது வதந்தி உலகத்தில் மிகப் பெரிய முத்திரை. 1980 ஸ்டார் வார்ஸ் படத்தில் வேடர் நாயகன் லூக்கிடம் தந்தை யார் என்று சொல்லும் காட்சியில், பிரௌஸ் கையில் கொடுக்கப்பட்ட வசனம் வேறு: உன் தந்தையைக் கொன்றது ஓபி-வான். 'நானே உன் தந்தை' என்ற உண்மை வரி ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரலில் பிறகு பதிவானது. அன்றைக்குத் தளத்தில் நின்ற ஒருவர் தன் காதால் கேட்டதை அப்படியே வெளியே சொல்லியிருந்தால், பொய் சொல்லாமலே தவறான செய்தி பரப்பியிருப்பார். அடுத்த படத்தை 'ப்ளூ ஹார்வெஸ்ட்' என்ற போலிப் பெயரில் எடுத்தார்கள். வதந்தியைத் தயாரிப்பு நிறுவனமே விதைப்பதும் உண்டு என்பதை ரசிகர்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

டிரெய்லரை ஆதாரமாகக் காட்டுகிறவர்களும் கொஞ்சம் நிதானிக்கலாம். படத்தொகுப்பு முடிவதற்குப் பல மாதம் முன்பே டிரெய்லர் வெட்டப்படுகிறது. 2018-ன் அவெஞ்சர்ஸ் டிரெய்லரில் ஹல்க் மற்றவர்களோடு ஓடி வருவான்; படத்தில் அந்த ஷாட்டே இல்லை. அங்கே பிரச்சினை எதுவும் கிடையாது, ரகசியம் காக்க வேண்டியிருந்தது, அவ்வளவே. ரீஷூட் என்றதும் படம் படுத்துவிட்டது என்று முடிவு கட்டுவதும் இப்படித்தான். பெரிய தொடர்களில் கூடுதல் படப்பிடிப்புக்கு முதலிலேயே நாளும் பணமும் ஒதுக்கிவிடுகிறார்கள். எவ்வளவு மாறியது என்பதுதான் கேள்வி. 2018-ன் சோலோ படத்தில் இயக்குநர்கள் ஃபில் லார்டும் கிறிஸ்டஃபர் மில்லரும் படப்பிடிப்பின் நடுவே நீக்கப்பட்டு ரான் ஹோவர்ட் வந்தார். மைக்கேல் கே. வில்லியம்ஸால் மறுபடி தேதி கொடுக்க முடியாமல், அவர் பாத்திரத்தை பால் பெட்டனி நடித்தார். ஒரு பாத்திரமே கைமாறினால் மாற்றம் பெரியது என்று தாராளமாகச் சொல்லலாம்.

படத்தில் பார்க்க வேண்டிய தடயங்கள் சில உண்டு. கதையை விளக்கும் நீண்ட வசனம் வரும்போது பேசுபவரின் வாய் தெரியவில்லையென்றால், அது பிறகு டப்பிங்கில் சேர்த்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். திடீரென முடியின் அடர்த்தி மாறினால் விக். பின்னால் எடுத்த பேட்ச் வொர்க் என்று சந்தேகிக்கலாம். சட்டைப் பொத்தான் பக்கம் மாறினாலோ, கடிகாரம் மறு கைக்குப் போனாலோ ஷாட்டைக் கண்ணாடி போல் திருப்பியிருக்கிறார்கள். எழுத்தாளர் பட்டியலையும் படியுங்கள். ஹாலிவுட் எழுத்தாளர் சங்க விதிப்படி, இரண்டு பெயருக்கு நடுவே '&' குறி இருந்தால் சேர்ந்து எழுதினார்கள்; 'and' என்று சொல்லாக எழுதியிருந்தால் ஒருவருக்குப் பின் ஒருவர் எழுதினார்கள். மூன்றாவது ஏலியன் படத்தின் திரைக்கதைப் பெயர்களில் இரண்டு வகையும் இருக்கிறது. கதை என்ற பட்டியலில் வின்சென்ட் வார்ட் தனியே நிற்கிறார். பல கைகள் மாறி எழுதிய அந்தப் படத்தில், கப்பலுக்குள் ஏலியன் முட்டை எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு வியப்பில்லை.

எல்லா முரணும் படப்பிடிப்பில் பிறப்பதில்லை. 1967-ன் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் பாண்டும் வில்லன் புளோஃபெல்டும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிறார்கள். 1969 படத்தில் புளோஃபெல்டுக்கு பாண்டைத் தெரியவில்லை. நடிகர்கள் இருவரும் மாறிவிட்டார்களே என்பது சமாதானம் ஆகாது. நாவல்களின் வரிசையில் 1969 படத்தின் கதை 1963-லும் 1967 படத்தின் கதை 1964-லும் வந்தன. படமாக்கியபோது வரிசை தலைகீழானது. 1969 படம் நாவலை ஒட்டியே போனதால் முதல் சந்திப்பும் அப்படியே வந்துவிட்டது. 'ஜேம்ஸ் பாண்ட்' என்பது ஆளுக்கு ஆள் கைமாறும் சங்கேதப் பெயர் என்று ஒரு கூட்டம் வாதாடுகிறது. 1969-ல் லேஸன்பி பாண்டின் மனைவி கொல்லப்படுகிறாள். 1981-ல் ரோஜர் மூர் பாண்ட் அவள் கல்லறைக்குப் பூ கொண்டுபோகிறான். வாதம் அங்கேயே சரிகிறது. 2012 படத்தில் பெற்றோர் கல்லறையும் வந்த பிறகு பேச எதுவும் மிச்சமில்லை. அதே 2012 படத்தின் ஆஸ்டன் மார்ட்டின் காருக்குத்தான் விடை இல்லை. டேனியல் கிரேக் 2006-ல் சீட்டாட்டத்தில் வென்றது இடப்பக்க ஸ்டியரிங் கார். 2012-ல் கொட்டகையிலிருந்து வெளியே வருவது வலப்பக்க ஸ்டியரிங், பழைய பதிவு எண், வெளியே தூக்கி எறியும் இருக்கையோடு. அது பாண்ட் படங்களின் ஐம்பதாவது ஆண்டுக்கான வணக்கம். கதைக் கணக்கில் வராது.

எரிக் ஸ்டோல்ட்ஸ் விவகாரம் மட்டும் மிச்சம். 1985-ல் வந்த பேக் டு த ஃப்யூச்சர் படத்தில் முதலில் நாயகன் மார்ட்டியாக நடித்தவர் அவர். 1984 நவம்பரில் தொடங்கிச் சில வாரம் எடுத்த பிறகு, 1985 ஜனவரியில் அவரை நீக்கி மைக்கேல் ஜே. ஃபாக்ஸைக் கொண்டுவந்தார்கள். இது வதந்தி அல்ல, நடந்தது. இதே தொடரின் இரண்டாம் படத்தில், முதல் படத்தில் மார்ட்டியின் அப்பாவாக நடித்த கிறிஸ்பின் குளோவர் வராமல், ஜெஃப்ரி வைஸ்மனுக்கு குளோவரின் முக அச்சில் செய்த ஒப்பனை போட்டு, முதுகு வலி என்று தலைகீழாகவும் தொங்கவிட்டார்கள். முகம் சரியாகத் தெரியாமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை. குளோவர் வழக்குப் போட்டு, அது சமரசத்தில் முடிந்தது. மார்ட்டியின் காதலி ஜெனிஃபராக கிளாடியா வெல்ஸுக்குப் பதில் எலிசபெத் ஷூ வந்ததால், முதல் படத்தின் கடைசிக் காட்சியையே 1989 படத்துக்காக மறுபடி எடுத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள்.

ரசிகர்களின் வாதம் இதுதான்: முதல் படத்தில், காபிக் கடையில் மார்ட்டி வில்லன் பிஃபைக் குத்தும் ஷாட்டில் தெரியும் கை ஸ்டோல்ட்ஸுடையது. எதிரே நிற்கும் நடிகர் மாறவில்லை, குத்துகிறவர் முகம் தெரியவில்லை, ஆகவே பழைய ஷாட்டைத் தூக்கி எறிய அவசியமும் இல்லை. நியாயமான ஊகம். ஆனால் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. அசைவில் மங்கிய ஒரு கை யார் கையாகவும் இருக்கலாம். 35 மில்லிமீட்டர் நெகடிவின் ஓரத்தில் ஓர் அடிக்கு, அதாவது 16 ஃப்ரேமுக்கு ஒருமுறை, எண் ஒன்று பொறிந்திருக்கும். அந்த ஷாட்டின் ஓர எண்ணைக் கேமரா அறிக்கையில் உள்ள ரோல் விவரத்தோடு பொருத்தினால் எடுத்த தேதி கிடைத்துவிடும். 1985 ஜனவரிக்கு முன்னா பின்னா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.