முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ரப்பர்

நேயர்களுக்கு வணக்கம். 1 லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரை என்னிடம் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் "இஞ்சின் எப்படி இருக்கிறது, பாருங்கள்" என்றுதான் சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது இஞ்சினை அல்ல. முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, அங்கே இருக்கிற ரப்பர் உறைகளைத் தடவிப் பார்ப்பேன்.

முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ஆக்ஸிலின் இரு முனையிலும் சி.வி. ஜாயின்ட் இருக்கிறது; ஆக்ஸில் வளைந்து நின்றாலும் சுழற்சியைச் சீராகக் கடத்தும் மூட்டு அது. சக்கரத்தை ஒட்டிய ஜாயின்ட்டுக்குள் உருக்குக் குண்டுகள், சுற்றிலும் கிரீஸ், அதை மூடி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை; அதைத்தான் பூட் என்போம். வருடக்கணக்கில் மடங்கி நிமிர்ந்து, மடிப்பின் பள்ளத்தில் மயிரிழை போல வெடிப்பு விடும். அப்புறம் கிழியும். சுழலும் வேகத்தில் கிரீஸ் தெறித்து, ரிம்மின் உட்பக்கத்தில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். கிரீஸ் போன இடத்தில் மண்ணும் தண்ணீரும் புகும். இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் சத்தமே வராது. அதனால்தான் பலரும் கோட்டை விட்டுவிடுகிறார்கள். அப்போதே ரப்பர் பூட்டையும் கிரீஸையும் மாற்றினால் ஜாயின்ட்டைக் காப்பாற்றிவிடலாம். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக்' என்று கேட்க ஆரம்பித்துவிட்டால், குண்டுகள் ஓடும் தடம் தேய்ந்துவிட்டது. புது கிரீஸ் அடைத்து அதைச் சரிசெய்ய முடியாது.

ஸ்டியரிங் பக்கமும் இதே கதைதான். சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையான டை ராட் எண்டு, சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பந்து மூட்டான பால் ஜாயின்ட் இரண்டுக்கும் சின்ன ரப்பர் தொப்பி உண்டு. அது கிழிந்தால் உள்ளே ஆட்டம் விழும். சக்கரத்தைத் தூக்கி, வண்டிக்கு ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் ஆட்டம் தெரியும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட்டாக இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்தான். பால் ஜாயின்ட் ஆடுகிற வண்டியை ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் தேய்வது இயல்பு. ஆனால் ஒரே சக்கரத்தில் ஒரு பேட் மட்டும் தேய்வது இயல்பல்ல. ஒருமுறை ஒரு வண்டியில் வெளிப்பக்கப் பேட் தாராளமாக இருந்தது. ரிம்மின் இடைவெளி வழியாகப் பார்த்து, "இன்னும் ஓடும்" என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கழற்றினால், உட்பக்கப் பேட்டில் வெறும் தகடு. டிஸ்க்கில் விரல் நகம் சிக்கும் அளவுக்கு வரிவரியாகப் பள்ளம். காரணம், பேட்டுகளை அழுத்தும் காலிப்பர் நகர்கிற கம்பியான பின்னின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, அந்தக் கம்பி துருவேறி இறுகிவிட்டது. அந்த வண்டியில் பின் இருக்கையில் குழந்தைகள் உட்காரும் சீட் இருந்தது. இன்றும் எனக்கு அது மறக்கவில்லை.

பிரேக் ஆயில் பற்றியும் ஒரு வார்த்தை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நீண்ட இறக்கத்தில் மிதி பொதுக்கென்று இறங்க அதுவும் ஒரு காரணம். பொதுவாக 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

சரி, அடுத்த முறை சர்வீஸுக்கு விட்டு வண்டியை லிஃப்டில் ஏற்றும்போது, நீங்களும் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுதும் ஒடிக்கச் சொல்லி, டார்ச் அடித்து, அந்த ரப்பர் பூட்டின் மடிப்புகளை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். வணக்கம்.