எஞ்சினுக்கு ஏரித் தண்ணீர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நொடித்துப்போன அமெரிக்க ஊர்களில் மக்களுக்கு அரசியல் மேல் நம்பிக்கை போனது வேலை போனதாலா, சொன்ன சொல் பொய்த்ததாலா? சொல் பொய்த்ததால்தான் என்பது எங்கள் அணி.

வேலை போனதால்தான் என்கிற எதிரணித் தம்பி, ஒஹாயோ மாநிலத்து யங்ஸ்டவுனைப் பற்றி உருக்கமாகப் பேசினார். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. ஒரே அறிவிப்பில் ஏறத்தாழ 5,000 இரும்பாலைத் தொழிலாளிகளுக்கு வேலை போனது. உண்மைதான், யார் மறுத்தார்கள்? ஆனால் போகிற போக்கில் என்னை ஒரு கிண்டல் செய்தார் பாருங்கள்: "அண்ணன் பேசுவதற்கு முன்னாடியே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டார், சரக்கு இல்லை போலிருக்கிறது." நீங்களும் கை தட்டினீர்கள்!

தம்பி, தண்ணீரைப் பற்றி என்னிடம் பேசியிருக்கவே கூடாது.

மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்று ஓர் ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி பிறந்த ஊர். கம்பெனி ஆட்களைக் குறைத்தது, நகராட்சி கஜானா காலியானது. சரி, இதுவரை தம்பி கட்சி. அப்புறம் மாநில அரசு ஒரு நிர்வாகியை அனுப்பியது. மேயர் இருப்பார், அதிகாரம் இருக்காது. இப்படி நிர்வாகியை அனுப்பும் சட்டம் வேண்டாம் என்று மாநில மக்கள் 2012 நவம்பரில் ஓட்டுப் போட்டுத் தள்ளினார்கள். அடுத்த மாதமே கிட்டத்தட்ட அதே சட்டம் மறுபடி வந்தது. இந்தத் தடவை ஓட்டுக்கு விட முடியாதபடி!

செலவை மிச்சம் பிடிக்க 2014 ஏப்ரலில் ஏரித் தண்ணீரை நிறுத்தி ஆற்றுத் தண்ணீரை விட்டார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. குழாயிலிருந்த விஷ ஈயம் தண்ணீரில் கரைந்து வந்தது. அதிகாரிகளோ, குடிக்கலாம் என்றார்கள்.

வேடிக்கையைக் கேளுங்கள். அதே வருஷம் ஊரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் தொழிற்சாலை, இந்தத் தண்ணீரால் எங்கள் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்றது. அதற்கு மட்டும் மாற்றுத் தண்ணீர்! நடுவர் அவர்களே, எஞ்சின் ஊர்வலம் போனதா? மனுக் கொடுத்ததா? ஓட்டுத்தான் போட்டதா? வாயில்லாத எஞ்சினுக்கு 2014-லேயே ஏரித் தண்ணீர். பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் தூக்கி வந்து கத்திய தாய்மார்களுக்கு? 2015 அக்டோபரில்! பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், மறுபடி சொல்கிறேன்: இரும்புக்கு முதல் வருஷம், பிள்ளைக்கு அடுத்த வருஷம். ஃபிளின்டில் பிறந்தால் எஞ்சினாகப் பிறக்க வேண்டும்!

மணி அடிக்காதீர்கள் நடுவரே. யங்ஸ்டவுனுக்கு 2017-இல் வந்த டிரம்ப், வீட்டை விற்காதீர்கள், வேலை திரும்பி வருகிறது என்றார். 2019-இல் பக்கத்து லார்ட்ஸ்டவுன் கார் ஆலை நின்றது. அதை விரித்துச் சொல்ல நேரமில்லை.

குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, ஃபிளின்ட் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருக்கிறது என்று 2015 செப்டம்பரில் கணக்கோடு சொன்னார். முதலில் அவர் கணக்கே தப்பு என்றார்கள். குழாய்த் தண்ணீரில் பவுடர் பால் கலந்து ஊட்டிய தாய் அன்றைக்கு என்ன பாடுபட்டிருப்பாள்? விஷத்தை விட்டவன் எவனோ. ஊட்டியது அவள் கை. தம்பி, நாளைக்கே அவளுக்குக் கைநிறையச் சம்பளத்தில் வேலை வாங்கிக் கொடுங்கள். "குழாயெல்லாம் மாற்றியாச்சு, பிள்ளைக்குக் கொடும்மா" என்று அதே ஆட்கள் வந்தால் கொடுப்பாளா? நீங்களும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்தானே, சொல்லுங்கள்!

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுமுன் இந்த அரங்கில் இருக்கிற அம்மாக்கள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள். நன்றி.