கையுறையோடு வந்த கவுன்

நேயர்களுக்கு வணக்கம். அடுப்பில் பால் பொங்கும் நேரம் பார்த்துத்தான் கரித்துணி காணாமல் போகும். இப்போதுதானே இங்கே வைத்தேன் என்று தேடுவோம், அகப்படாது, கடைசியில் முந்தானையால் பிடித்து இறக்குவோம். அந்தத் துணி நாம் உடுத்தியிருக்கும் உடையோடேயே வந்துவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி ஓர் உடை 1942இல் அமெரிக்காவில் வந்தது. பெயர் பாப்ஓவர். இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், பெரிய விருந்துகளுக்கு உடுத்திய பட்டு கவுன்களோடு இந்தப் பருத்தி கவுனும் இருக்கிறது. பல வருடமாகத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் நான் அதிகம் பேசிய உடை இதுதான்.

வடிவமைத்தவர் கிளேர் மெக்கார்டெல். 1905இல் மேரிலாந்து மாநிலத்தின் ஃபிரெடரிக் ஊரில் பிறந்தவர். போர்க்காலத்தில் வீட்டு வேலைக்கு இருந்த பெண்களெல்லாம் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டம்மாவே பெருக்கி, சமைத்து, விருந்தாளிகளையும் வரவேற்க வேண்டிய நிலை. ஹார்ப்பர்ஸ் பஜார் இதழ் அவரிடம் கேட்டது இதைத்தான்: வீட்டு வேலைக்கும் ஆகவேண்டும், வாசலில் ஆள் வந்தாலும் கூச்சமில்லாமல் நிற்கவேண்டும்.

அவர் எடுத்த துணி டெனிம், அன்றைக்குத் தொழிலாளிகள் போட்ட முரட்டுத் துணி. முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று மடிந்து இடுப்பில் கட்டிக்கொள்ளும் கவுன். பாவாடைப் பகுதியில் பெரிய பாக்கெட். கூடவே அடுப்பில் பாத்திரம் பிடிக்கும் கையுறை. அதைத் தனியாகத் தேட வேண்டாம், உடையோடேயே வரும். வேலைக்கான உடை என்ற கணக்கில் சேர்ந்ததால் விலை மலிவு, 6 டாலர் 95 செண்ட்தான். முதல் பருவத்திலேயே 75,000க்கு மேல் விற்றது.

இந்த பாக்கெட் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் சுடிதார் வெட்டச் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் ஒரு பெண்ணாவது கேட்பாள், "மேடம், பஸ் காசை எங்கே வைக்கிறது?" அண்ணன் சட்டையில் பாக்கெட், தம்பி டவுசரில் இரண்டு பாக்கெட், இவளுக்கு ஒன்றும் இல்லை. நான் போட்டுத் தரச் சொன்ன கடையில் ஒரு முறை, "பொம்பளை துணிக்கு எதுக்கும்மா பாக்கெட்? ஷேப் போயிடும்" என்றார்கள். ஷேப் போகாது. பக்கத் தையலுக்குள் பாக்கெட்டை விட்டு வெட்டினால் வெளியே தெரியவே தெரியாது. மெக்கார்டெல் தன் உடைகளில் விடாமல் பாக்கெட் வைத்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கும் பெண்ணுக்கும் அது உதவும், சாவி வைத்துக்கொள்ளவும் உதவும்.

அதேபோல ஹூக். முதுகுப் பக்கம் ஹூக் வைத்த பிளவுஸ் போட்டவர்களுக்குத் தெரியும், மாட்டிவிட இன்னொருவர் வேண்டும். வீட்டில் யாரும் இல்லாவிட்டால் கை எட்டாமல் நிற்பதுதான். மெக்கார்டெல் பல உடைகளில் ஹூக்கைப் பக்கவாட்டிலும் முன்னாலும் கொண்டுவந்தார். தன் உடையைத் தானே போட்டுக்கொள்ள முடியவேண்டும், அவ்வளவுதான். மறைக்க வேண்டிய ஹூக்கைப் பித்தளையில், பளிச்சென்று வெளியே தெரியவும் வைத்தார். டெனிம் பேண்டில் பார்க்கிறோமே இரட்டைத் தையல், அதையும் பெண்கள் உடைக்கு எடுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் எங்கே கற்றார்? பாரிஸில் மாணவியாக இருந்தபோது, மதலேன் வியோனே என்ற உடை வடிவமைப்பாளர் மாதிரிக்காகத் தைத்த உடைகள் சீசன் முடிவில் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்குவார், தையலைப் பிரிப்பார், துண்டு துண்டாகப் பார்ப்பார், திரும்பத் தைப்பார். வியோனே துணியைக் கிராஸாக, அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக வெட்டி உடம்போடு ஒட்டி விழவைப்பதில் பேர்போனவர். அந்த வெட்டு வெளியிலிருந்து பார்த்தால் பிடிபடாது, பிரித்தால்தான் தெரியும். என் மாணவிகளிடமும் இதைத்தான் சொல்கிறேன். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்று இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், பிரித்துப் பாருங்கள். கை எங்கே வளைகிறது, தையலுக்கு எவ்வளவு விட்டிருக்கிறார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. பிரித்துப் பார்த்தவள் கைக்கு அது வந்துவிடும்.

அருங்காட்சியகத்துக்குப் போன உடையை யாரும் உடுத்துவதில்லை. அமிலம் இல்லாத காகிதத்தை மடிப்புகளில் வைத்து இருட்டில் வைப்பார்கள். காட்சிக்கு வந்தாலும் மங்கலான வெளிச்சம்தான், துணிக்கு வெளிச்சம் ஆகாது. சமையல் செய்த கவுனுக்கு இவ்வளவு கவனிப்பு என்று நினைக்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும். பாப்ஓவரின் சாயலை மெக்கார்டெல் பின்னால் பல துணிகளில் திரும்பத் திரும்பச் செய்தார். 1958இல், 52 வயதில், புற்றுநோயில் இறந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. நம் மெட்ராஸ் கட்டம் போட்ட பருத்தித் துணியை மெக்கார்டெல் எடுத்துத் தரை வரை நீளும் கவுன் தைத்ததைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். வெயிலுக்கு உடுத்தும் அந்தக் கட்டத் துணியை, மாலை விருந்தில் விருந்து கொடுக்கும் வீட்டம்மா உடுத்தும் உடையாக்கினார். அது ஒன்றையாவது சொல்லிவிட்டேன். வணக்கம்.