எஃகில்லாத தூண்கள்: லூயி சல்லிவன்

அவையோருக்கு வணக்கம்.

'பயனைப் பின்தொடர்ந்தே வடிவம் அமையும்' என்ற வாசகத்தைக் கேள்விப்படாத கட்டடக்கலை மாணவர் இருக்க முடியாது. அலங்காரம் ஏதுமற்ற கண்ணாடிப் பெட்டியைக் கட்டிவிட்டு அதற்கு நியாயம் கற்பிப்பவரும் இதைத்தான் துணைக்கு அழைக்கிறார். உயரமான அலுவலகக் கட்டடங்கள் பற்றி 1896இல் எழுதிய கட்டுரையில் அதைச் சொன்ன அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி சல்லிவனோ, இலையும் கொடியுமாகச் சுடுமண்ணில் பூவேலை செய்வித்தே வாழ்நாளைக் கழித்தவர்.

1856இல் பாஸ்டனில் பிறந்த சல்லிவன், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஓராண்டு மட்டுமே படித்தார். பிலடெல்பியாவில் கிடைத்த வேலை 1873ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் பறிபோகவே, சிக்காகோவுக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் பெருந்தீயில் நடுநகரம் சாம்பலாகியிருந்தது. கட்டத் தெரிந்தவருக்கு அங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. கட்டடக் கலைஞர் வில்லியம் ஜென்னியின் அலுவலகத்தில் சில காலம் இருந்தார். பிறகு பாரிஸ் நுண்கலைப் பள்ளிக்குப் போய், அங்கும் நீண்ட நாள் நிலைக்காமல் திரும்பினார். பொறியியலில் கைதேர்ந்த டாங்க்மர் ஆட்லருடன் 1883இல் பங்காளியானதுதான் அவர் வாழ்வின் திருப்பம்.

அந்நாளையச் சிக்கலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சுவரே எடையைத் தாங்கினால், மாடி ஏற ஏற அடிச்சுவர் பருத்துக்கொண்டே போகும். 1891இல் முடிந்த சிக்காகோவின் மொனாட்னாக் கட்டடத்தில், 16 தளங்களைத் தாங்கும் செங்கல் சுவர் அடியில் ஆறு அடி கனம். எஃகுச் சட்டகம் வந்ததும் அந்தச் சுமை சுவரை விட்டு நீங்கியது. ஆனால் தோற்றம் எப்படி இருக்க வேண்டும் என்பதை எஃகு சொல்லித்தரவில்லை. பலரும் பழைய மாளிகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போலவே கட்டினார்கள்.

அதே 1891இல் செயின்ட் லூயி நகரில் எழுந்த பத்துத் தள வெயின்ரைட் கட்டடத்தில் சல்லிவன் வேறு வழி கண்டார். கீழே கடைகளுக்கு இரண்டு தளங்கள். மேலே ஒரே மாதிரியான அலுவலக அறைகள். உச்சியில் வட்டச் சன்னல்களைச் சுற்றிப் படரும் சுடுமண் இலைக்கொடிகள். நடுப்பகுதியின் செங்கல் தூண்கள் இடையில் எங்கும் அறுபடாமல் மேலேறுகின்றன. சன்னல்களுக்கு அடியிலுள்ள பூவேலைப் பலகைகள் சற்று உள்வாங்கி அவற்றுக்கு வழிவிடுகின்றன.

இங்கேதான் வேடிக்கை. அந்தத் தூண்களில் ஒன்றுவிட்டு ஒன்றில்தான் எஃகு இருக்கிறது. மற்றவை எதையும் தாங்கவில்லை. இது பொய்யல்லவா என்று கேட்டவர்கள் உண்டு. உயரத்தைக் கண்ணுக்கு உணர்த்துவதும் ஒரு பயனே என்று சல்லிவன் கருதினார் என்றே நான் கொள்கிறேன். அந்தப் புகழ்பெற்ற வாசகத்துக்கு அவர் காட்டிய சான்றுகளும் பறக்கும் கழுகு, மலர்ந்த ஆப்பிள் பூ, கிளைத்த ஓக் மரம் போன்றவையே, இயந்திரங்கள் அல்ல.

1893இல் மீண்டும் நிதி நெருக்கடி. இரண்டு ஆண்டுகளில் ஆட்லர் பிரிந்து ஒரு லிப்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். சில மாதங்களில் அவர் திரும்பி வர விரும்பியபோது சல்லிவன் ஏற்கவில்லை. அந்த வீம்புக்கு அவர் கொடுத்த விலை பெரிது. வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தவர் ஆட்லர்தான். நூற்றாண்டு திரும்பியபின் பெரிய பணிகள் அருகின; சிற்றூர் வங்கிகளே எஞ்சின. 1909இல் தம் நூல்களையும் வீட்டுப் பொருள்களையும் ஏலத்தில் விற்றார். ஒருகாலத்தில் அவரிடம் வேலை கற்ற ஃபிராங்க் லாயிட் ரைட் கடைசி நாள்களில் பணம் கொடுத்து உதவினார்.

1922இல் சிக்காகோ கலை நிறுவனம் அலங்கார வரைபடங்கள் கேட்டது. பென்சிலால் 20 பக்கங்கள் வரைந்து கொடுத்தார். 1924 ஏப்ரல் 14 அன்று ஹோட்டல் அறையொன்றில் அவர் உயிர் பிரிந்தது. வரைபடங்கள் நூலாக வந்ததும் அதே ஆண்டில்தான். அந்நூலின் தொடக்கத்தில் கோபுரமோ தூணோ இல்லை. இரண்டு விதையிலைகளுடன் ஒரு சிறு விதையைத்தான் வரைந்திருக்கிறார்.